நெல்லைக்கு எந்த சி.ஆர்.எஸ்.? பட்டியலை ஏற்றும் வழிகள், ஓர் அலசல்

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, ஸ்ரீவைகுண்டம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் 78 பாகை தீர்க்கக்கோட்டைக் கடந்து புன்னக்காயலில் கடலில் சேர்கிறது. உலகை 6 பாகை அகலப் பட்டைகளாகப் பிரிக்கும் யூ.டி.எம். வரைபட முறையில், அந்தக் கோட்டுக்கு மேற்கே 43 வடக்கு மண்டலம், கிழக்கே 44 வடக்கு. திருநெல்வேலி ஒன்றில், தூத்துக்குடியும் திருச்செந்தூரும் மற்றொன்றில். அதனால் இந்தப் பக்கத்துக் குளங்களையும் கால்வாய்களையும் வரைபடமாக்குகிறவர்கள் ஆயத்தொலைவு முறையைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியை, அதாவது சி.ஆர்.எஸ். பட்டியலை, ஓயாமல் திறக்க வேண்டியிருக்கிறது. பழைய மடிக்கணினியில் அது திறக்கும்வரை காத்திருப்பது பெரிய தொல்லை.

வரைபட மென்பொருள்கள் பல ஆயத்தொலைவுகளை மாற்றப் பயன்படுத்தும் நிரலகம் புரோஜ். 2019இல் அதன் 6ஆம் பதிப்பு வருவதற்கு முன் இந்த முறைகளின் வரையறைகள் உரைக் கோப்புகளில் கிடந்தன. இப்போது எல்லாம் எஸ்க்யூலைட் என்ற வகையிலான ஒரே தரவுத்தளக் கோப்பில் இருக்கின்றன. ஆகவே அதனிடம் எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே வேகம்.

முதல் வழி: ஒவ்வொரு முறைக்கும் உள்ள குறியீட்டு எண்ணை (ஈ.பி.எஸ்.ஜி. எண்) மட்டும் வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் முழு சி.ஆர்.எஸ்.ஸை உருவாக்குவது. நீள்கோளம் (பூமியின் வடிவ மாதிரி), டேட்டம் (அளவீட்டுக்கான அடிப்படை), அச்சுகள், வீழல் (உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறை) அளவுருக்கள் எனப் பல அட்டவணைகளைத் துழாவ வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான முறை. திரையில் காட்டப்போவதோ வெறும் பெயர்!

இரண்டாவது வழி: எண், பெயர், பயன்படும் பரப்பு, வீழல் முறை, வழக்கொழிந்ததா என்ற விவரங்களை மட்டும் ஒரே அழைப்பில் கேட்பது. புரோஜிலேயே இதற்கு வசதி உண்டு, அதன் பைத்தான் வடிவமான பைபுரோஜில் அந்தக் கட்டளையின் பெயர் க்வெரி_சிஆர்எஸ்_இன்ஃபோ. பயனர் சொடுக்கிய ஒன்றை மட்டும் முழுதாக உருவாக்கினால் போதும். முதல் வழியில் எழுதிய நிரலை இன்றே மாற்றலாம் என்பேன்.

ஒருமுறை படித்ததை நினைவகத்தில் வைத்துக்கொள்வது மூன்றாவது. அடுத்த முறை பெட்டி உடனே திறக்கும். மென்பொருள் தொடங்கும்போதே படித்துவிடலாம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெட்டியையே திறக்காதவரும் காத்திருக்க நேரும். முதன்முறை திறக்கும்போது படித்தால் போதும். தரவுத்தளம் அலுவலகப் பகிர்வு வட்டில் இருந்தால் இந்தச் சேமிப்பு கட்டாயம் வேண்டும்.

நான்காவதாக, பரப்பைக் கொண்டு வடிகட்டுவது. நம் ஊருக்கு இதுதான் பெரிய உதவி: ஐரோப்பா, அமெரிக்காவுக்கான முறைகள் எல்லாம் ஒரே அடியில் கழன்றுவிடும். ஆனால் கவனம். பார்க்கும் பரப்பை ‘முழுதாக உள்ளடக்கும்’ முறைகளை மட்டும் கேட்கலாம், அல்லது ‘தொட்டுச் செல்லும்’ முறைகளையும் சேர்த்துக் கேட்கலாம். தாமிரபரணி வடிநிலம் முழுவதையும் திரையில் வைத்துக்கொண்டு முதலாவதைக் கேட்டால், 43, 44 இரண்டும் பட்டியலில் இருக்காது. இரண்டில் எதுவும் அந்தப் பரப்பை முழுதாக மூடவில்லையே. தமிழ்நாடு முழுவதற்குமான, 7785 என்ற குறியீட்டு எண் கொண்ட முறை போன்றவை மிஞ்சும். அவசரத்தில் இருக்கும் மாணவர் கண்ணில் பட்டதை எடுத்துவிடுவார். மண்டலத்தையே தவறாகத் தேர்ந்து, 44இல் அளந்த திருச்செந்தூர்ப் புள்ளிகளை 43 என்று அறிவித்தால், கோயில் சுமார் 660 கிலோமீட்டர் மேற்கே நகர்ந்து, லட்சத்தீவின் மினிக்காய்க்கும் அப்பால் அரபிக்கடலில் போய் விழும். அது கண்ணுக்குத் தெரிந்துவிடும் பிழை என்பது ஒரு நல்லது.

வடிநிலம் முழுவதையும் முறையாக 43க்கு மாற்றி வரைவது வேறு விஷயம். 78 பாகை அருகே ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கூடுதலாகக் காட்டும். குள வரைபடத்துக்குப் பரவாயில்லை, நில அளவைக்கு ஆகாது.

என் தேர்வு: சுருக்க விவரம், நினைவகச் சேமிப்பு, ‘தொட்டுச் செல்லும்’ வடிகட்டல், மூன்றும் சேர்ந்து. மென்பொருள்கள் இப்படி மாறும்வரை நெல்லைக்காரர்கள் பட்டியலை உருட்டாமல், தேடல் பெட்டியில் 43 வடக்குக்கு 32643 அல்லது 44 வடக்குக்கு 32644 என்ற குறியீட்டு எண்ணை நேரே அடித்துவிடலாம்.