பழவேற்காட்டுக் கடலில் ஒரு பிளாஸ்டிக் செக்ஸ்டன்ட்: நான்காண்டு அனுபவம்

ஒரு சித்திரை முற்பகலில் செக்ஸ்டன்டை (சூரியன், விண்மீன்களின் பிம்பத்தைக் கண்ணாடியால் அடிவானத்துக்கு இறக்கி, அவற்றின் உயரத்தைக் கோணமாக அளக்கும் கருவி) படகின் குறுக்குப் பலகையில் வைத்துவிட்டுப் பாயைச் சரிசெய்யப் போனேன். வைக்கும்போது அதன் சுழிப்பிழை, அதாவது சுழியம் காட்ட வேண்டிய இடத்தில் அது காட்டும் அளவு, 2 கலை. பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால் 7 கலை. பாகையில் 60-ல் ஒரு பங்குதான் கலை. ஆனால் கடலில் அது ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். வெயில் பட்டுப் பிளாஸ்டிக் நெளிந்ததில், வரைபடத்தில் என் படகு ஐந்து கடல் மைல் இடம் மாறிவிட்டது. இந்தக் கருவியை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். வாங்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் நிழலில் வையுங்கள். ஒவ்வொரு அளவுக்கு முன்னும் பின்னும் அடிவானத்தைப் பார்த்துச் சுழிப்பிழையைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பழக்கம் வந்துவிட்டால், பல மடங்கு விலையுள்ள உலோகக் கருவிக்கு ஏங்க வேண்டியதில்லை.

என் படகு 19 அடி, ஒற்றைப் பாய்மரம். பழவேற்காடு தமிழ்நாட்டின் வடகோடி. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா நீண்டு கிடக்கிறது. ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குள் போகக் கூடாது என்று குப்பங்களுக்கு அறிவிப்பு வரும். பயணத் திட்டம் போட உட்கார்ந்தால் நான் முதலில் பார்ப்பது அந்தத் தேதியைத்தான். காற்றும் நிலவும் அப்புறம். ஜிபிஎஸ் போன்ற இந்திய அமைப்பான நாவிக் வரிசையின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று கிளம்பியதும் இந்தக் கரையிலிருந்துதான். படகில் ஜிபிஎஸ் இருக்கிறது. முகத்துவாரத்தில் மணல் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் அங்கே அதை அணைப்பதில்லை. வெளிக்கடலில் மட்டும் பைக்குள் போட்டுவிடுவேன். என் கணக்கை மையால் எழுதி முடித்த பிறகே எடுத்து ஒப்பிடுவேன்.

இந்தக் கரை ஏறக்குறைய நேர் வடக்கு தெற்காக ஓடுகிறது. அதில் ஒரு பெரிய வசதி உண்டு. காலையில் சூரியன் கிழக்கே இருக்கும்போது எடுக்கும் அளவு, வரைபடத்தில் கரைக்கு இணையான கோடாக விழும். கரையிலிருந்து எத்தனை மைல் விலகியிருக்கிறோம் என்று அது நேரடியாகச் சொல்லிவிடும். உச்சிப்பொழுதின் அளவு எவ்வளவு வடக்கே வந்திருக்கிறோம் என்று சொல்லும். காலை அளவில் மட்டும் கடிகாரத்தை மன்னிக்கவே கூடாது: 4 விநாடி தவறினால் ஒரு கலை போய்விடும்.

முதல் ஆண்டு எட்டு, பத்து மைல் பிழை வந்துகொண்டே இருந்தது. கருவியைத்தான் சந்தேகித்தேன். உண்மையில் தவறு அடிவானத்தில் இருந்தது. உட்கார்ந்து பார்த்தால் என் கண் நீர்மட்டத்திலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவானம் வெறும் 2.3 கடல் மைலில் முடிந்துவிடும். படகு பள்ளத்தில் இறங்கும்போது எதிரே தெரிவது அடுத்த அலையின் முதுகு, அதை அடிவானம் என்று அளந்துகொண்டிருந்தேன். இப்போது அலையின் உச்சியில் ஏறும் நொடியில் மட்டும் திருகைத் திருப்புகிறேன். ஐந்து அளவுகள் எடுத்து நேரத்துக்கு எதிராகக் கட்டத்தாளில் புள்ளி வைப்பேன். வரிசையை விட்டு விலகி நிற்பதை அடித்துவிடுவேன். பிழை பெரும்பாலும் மூன்று மைலுக்குள் வந்துவிட்டது.

நான்கு ஆண்டுகளில் என்னை மிகவும் மகிழ்வித்தது ஒரு ஏப்ரல் 26. இங்கே அட்சரேகை 13 பாகை 25 கலை. அந்தத் தேதியையொட்டிச் சூரியன் நடுப்பகலில் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். வழக்கமான உச்சி அளவு அன்று பலிக்காது. கிழக்கே நின்ற சூரியன் ஓரிரு நிமிடத்தில் மேற்கே தாவிவிடும். எந்தத் திசை அடிவானத்தில் இறக்குவது என்றே தெரியாது. ஆனால் சூரியன் நேர் கீழே பார்க்கும் கடல்புள்ளி அப்போது மிக அருகில் இருப்பதால், கவராயத்தை எடுத்து வரைபடத்தின் மேலேயே வட்டம் போட்டுவிடலாம்; உயரம் 90 பாகைக்கு எத்தனை கலை குறைகிறதோ அத்தனை கடல் மைல்தான் ஆரம். 12 மணி 4 நிமிடத்துக்குக் கிழக்கே திரும்பி 89 பாகை 32 கலை அளந்தேன். 12:06-க்கு ஒன்று, 12:08-க்கு மேற்கே திரும்பி ஒன்று. நிமிடத்துக்கு 15 கலை வீதம் அந்தப் புள்ளி மேற்கே ஓடுகிறது. எனவே மூன்று வட்டங்களுக்கும் மூன்று மையங்கள். நான்கே நிமிடத்தில், சூரியன் ஒன்றை மட்டும் வைத்து, படகு நிற்கும் இடம் கிடைத்துவிட்டது! கவராய முள் குத்திய அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். துருவத்துக்குப் பக்கத்து நாடுகளில் இருப்பவர்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது.

நீண்ட பயணம் என்றால் வடக்கே ஆந்திரக் கரையில் உள்ள கிருஷ்ணபட்டினம், சுமார் 50 கடல் மைல். பங்குனியில் போவதே நல்லது. தென்காற்றும் கூட வரும், தெற்கிலிருந்து வடக்கே ஓடும் தெண்டி நீரோட்டமும் கூட வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்து வரும் வண்ணி நீரோட்டம் எதிரே ஓடும், நினைக்கவே வேண்டாம். வழியில் துகராஜபட்டினத்துக்கு எதிரே, கடலுக்கடியில் ஆர்மகான் திட்டு என்ற ஆழமற்ற மேடு இருக்கிறது. அதற்கு முன்பாகவே காலைச் சூரியனை அளந்து கரைவிலகலை உறுதிசெய்ய வேண்டும். அந்தக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டால், நள்ளிரவு ஓதத்தில் முகத்துவாரத்தைத் தாண்டியாக வேண்டும் என்று வருகிறது. இப்படி வானத்திலிருந்து தொடங்கிப் புறப்படும் நேரத்துக்கு வந்து சேர்வதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

விடியலில் விண்மீன்களுக்குக் கிடைக்கும் நேரம் 20 நிமிடம் போலத்தான். கிழக்கே திருவோணம், தெற்கே கேட்டை, மேற்கே சுவாதி. மூன்றும் பஞ்சாங்கத்தில் நாம் தினமும் கேட்கும் பெயர்கள்தாம். கிழக்குதான் முதலில் வெளுக்கும் என்பதால் திருவோணத்தில் தொடங்குவேன். அந்தப் பயணத்தில் சுக்கான் பிடித்தவர் இங்கேயே கடலில் நரைத்த பெரியவர். நான் மூன்று கோடுகளையும் போட்டு முடித்ததும் குனிந்து பார்த்தார். “தம்பி, தெண்டி நம்மை இழுத்துவிட்டது. இன்னும் வடக்கே வந்துவிட்டோம்” என்றார். ராத்திரி முழுக்க வேகத்தை வைத்து நான் குறித்திருந்த புள்ளியைவிட, விண்மீன்கள் தந்த இடம் நான்கு மைல் வடக்கே இருந்தது. தண்ணீரின் நிறத்தையும் கயிற்றின் இழுவையையும் பார்த்து அவர் சொன்னதும் அதே இடம்தான்.

சோழமண்டலக் கரை மாலுமிகளின் இராப்பலகையையும் செய்து பார்த்தேன். சிறு பலகை, நடுவில் நூல், நூலில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பலகையின் கீழ்விளிம்பை அடிவானத்திலும் மேல்விளிம்பைத் துருவ மீனிலும் பொருத்த வேண்டும். ஊர்க்கரையில் நின்று ஒரு முடிச்சு போட்டு வைத்தேன். அரைப் பாகைக்கு மேல் நுணுக்கம் எனக்குக் கைகூடவில்லை. அது 30 கடல் மைல். பழகிய கைக்கு இன்னும் வரும் என்று நம்புகிறேன், தொடர்ந்து பழகுகிறேன்.

பராமரிப்பில் கவலை தருவது கண்ணாடி மட்டும்தான். இரண்டாவது மழைக்காலத்துக்குப் பிறகு சிறிய கண்ணாடியின் ஓரத்தில் ரசம் உரிந்து கறுத்தது. கரை வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த பழைய பனியன் துணியால் ஒற்றி எடுத்திருந்தால் தப்பியிருக்கும். நான் உலர்ந்த துணியால் தேய்த்துவிட்டேன். புதுக் கண்ணாடி மாட்டியாகிவிட்டது. அதன் திருகுகளைச் சரிசெய்ய மூன்று மாலைகள் கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். நேற்றுச் சுழிப்பிழை 1 கலைக்கு வந்தது.