எச்ஐவி சிகிச்சைப் பிரிவில் அண்ணனுடன் ஒன்பது மாதங்கள்: ஒரு சேவை மதிப்பீடு

என் அண்ணனுக்கு வயது 58. அவருக்கு எச்ஐவி இருப்பது சென்ற ஆண்டுதான் தெரியவந்தது. சிங்கப்பூரின் பொது மருத்துவமனை ஒன்றில் அவர் பெற்றுவரும் வெளிநோயாளர் சேவையைப் பற்றி அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதால் மருத்துவமனையின் பெயரை விட்டுவிடுகிறேன்.

எங்கள் கதை தாமதத்தில்தான் தொடங்கியது. இரண்டு மாதமாக வறட்டு இருமலும் எடைக் குறைவும் இருந்தன. மேம்பாலப் படிகளில் பாதி ஏறுவதற்குள் நின்று மூச்சு வாங்குவார். வீட்டருகே உள்ள தனியார் மருந்தகத்தில் இரண்டு முறையும் இருமல் மருந்து கொடுத்து அனுப்பினார்களே தவிர, எச்ஐவி பரிசோதனை என்ற பேச்சே எழவில்லை. அவசரப் பிரிவில் சேர்த்தபோது நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் நிமோனியா நுரையீரலைப் பிடித்திருந்தது. நல்ல உடல்நிலையில் ஐந்நூறுக்குமேல் இருக்க வேண்டிய சிடி4 அணுக்களின் (நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை) எண்ணிக்கை அவருக்கு 38 மட்டுமே இருந்தது.

எச்ஐவி கிருமியை அடக்கும் ஏஆர்டி மாத்திரையைத் தொடங்கிவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்றே நான் நினைத்திருந்தேன். அது அப்படியல்ல என்பதை எங்களுக்குப் பொறுமையாக விளக்கியதுதான் இந்தப் பிரிவின் முதல் சிறப்பு. கிருமியின் எண்ணிக்கை சில வாரங்களில் சரிந்தாலும் எதிர்ப்பு சக்தி மீண்டுவர மாதக்கணக்காகும் என்பதால், அதுவரை எதிர்ப்பு சக்தி குறைந்த நேரம் பார்த்துத் தாக்கும், சந்தர்ப்பவாதத் தொற்றுகள் எனப்படும் நோய்கள் காத்திருக்கும் என்று சொன்னார் எங்களைக் கவனித்த தமிழ்த் தாதி. ஆகவே நிமோனியா குணமான பிறகும், அது திரும்பாதிருக்க கோட்ரைமாக்சசோல் மாத்திரையைத் தினமும் தொடரச் செய்தார்கள். மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை உடலில் உள்ளதா என்று ஏஆர்டிக்கு முன்பே இரத்தத்தில் பார்த்தார்கள். சிடி4 ஐம்பதுக்குக் கீழே இருந்ததால் கண் மருத்துவரிடமும் அனுப்பினார்கள். சைட்டோமெகலோ வைரஸ் விழித்திரையைத் தின்றுவிட்டால் போன பார்வை திரும்புவது அரிது.

நான்காவது வாரம் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்து கழுத்தில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி எழும்பியது. “இந்த மாத்திரைதான் என்னைக் கொல்லுது தம்பி, நிப்பாட்டிடுறேன்” என்றார். காய்ச்சல் வந்தால் மாத்திரையை நிறுத்தாமல் தங்களை அழைக்க வேண்டும் என்று தாதி முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால், நானும் தலையாட்டியிருப்பேன். மறுநாளே பார்த்து, ஊசியால் கட்டியிலிருந்து நீர் எடுத்துச் சோதித்ததில் காசநோய் என்று உறுதியானது. முன்பே உடலில் ஒளிந்திருந்த காசநோய்க் கிருமியை எதிர்க்கத் தெம்பில்லாதிருந்த உடல், ஏஆர்டியால் தெம்பு பெற்றதும் அதோடு சண்டையிடத் தொடங்கியதால்தான் வீக்கமும் காய்ச்சலும் வந்தன என்று மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். அந்தத் தாளை அண்ணன் இன்னமும் வைத்திருக்கிறார்.

மருந்தாளரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், அண்ணனின் ஏஆர்டி மருந்தான டொலுடெக்ராவிர் மாத்திரையின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும் என்பதால் நாளுக்கு ஒன்றாக இருந்ததை இரண்டாக மாற்றினார்கள். அப்போது அவர் அண்ணனின் பையை மேசையில் கொட்டச் சொல்லி, வயிற்றெரிச்சலுக்காக அவர் கடையில் வாங்கிக் குடிக்கும் வெள்ளை மருந்துப் புட்டியைக் கண்டுபிடித்தார். அதைச் சேர்த்துக் குடித்தால் டொலுடெக்ராவிர் உடலில் ஏறாது. மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் கழித்தோ ஆறு மணி நேரம் முன்னதாகவோதான் குடிக்கலாம் என்று, புட்டியின் மேலேயே பேனாவால் நேரத்தை எழுதிக் கொடுத்தார். மருத்துவச் சீட்டில் இல்லாத ஒன்றை இப்படித் தேடிப் பார்க்கும் மருந்தாளர் கிடைப்பது பெரிய பேறு. காசநோய் மாத்திரைகளை அண்ணன் ஆறு மாதம் பலதுறை மருந்தகத்தில் தாதியின் கண்முன்னே விழுங்கினார்.

குறைகளும் உண்டு. மருந்து வழங்கும் முகப்பில் மருந்தின் பெயரையும் பயனையும் உரக்கச் சொல்கிறார்கள். ஒருமுறை பின்னால் எங்கள் வட்டாரத்துக்காரர் நின்றதைக் கண்டு அண்ணன் மருந்தை வாங்காமலே வெளியேறிவிட்டார். மறுநாள் காலையில் நான் போய் வாங்கி வந்தேன். கைக்குக் கொடுத்த விளக்கத்தாள் தமிழில் இல்லை. தமிழ்த் தாதி விடுப்பில் இருந்த நாளில், அண்ணனின் துணைகளைப் பற்றி மருத்துவர் கேட்ட கேள்விகளை மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. உடன்பிறந்தவனை வைத்துக் கேட்கக்கூடிய கேள்விகளா அவை? தொலைபேசி எண்ணும் அலுவலக நேரத்தில்தான் எடுக்கப்படுகிறது, காய்ச்சலோ இரவில்தான் ஏறுகிறது.

செலவைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். எச்ஐவி மருந்துகளுக்கு 2020 செப்டம்பரிலிருந்து அரசு மானியம் உண்டு. மீதிக்கு மருத்துவ சமூக ஊழியர் வழிசொன்னார்.

இப்போது எச்ஐவி கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. சிடி4 214 ஆகியிருக்கிறது. இருநூறுக்கு மேல் மூன்று மாதம் நிலைத்தால்தான் கோட்ரைமாக்சசோலை நிறுத்துவார்களாம். அந்த வெள்ளை மாத்திரை இன்னமும் தினமும் காலை அண்ணனின் கோப்பிக் குவளைக்குப் பக்கத்தில் இருக்கிறது.