மூடிய சுரங்க ஊரில் மலிவாக வீடு வருகிறதா? வாங்கும் முன் இதைப் படியுங்கள்

சுரங்கம் மூடிப்போன ஊர்களில் சின்னச் சின்ன வீடுகள் நம்ப முடியாத விலைக்கு விளம்பரத்தில் வருகின்றன. அளவான அறைகள், பின்னால் தோட்டம், ‘குடும்பத்துக்கு ஏற்ற அமைதியான ஊர்’. அப்படி ஒன்றை வாங்கிவிட்டு இப்போது வக்கீல் வீட்டுக்கு அலைகிறோம். விற்றவரும் தரகரும் எதையெல்லாம் மறைத்தார்கள் என்று எழுதிவைக்கிறேன்.

“சுரங்கம் ஊருக்கு அந்தப் பக்கம்” என்றார் தரகர். சுரங்கத்தின் வாய் அந்தப் பக்கம்தான். உள்ளே வெட்டிய பாதைகள் ஊருக்கு அடியில் எங்கெங்கோ ஓடும். கூரை விழாமலிருக்க இடையிடையே தூண்களை விட்டுவிட்டு மீதியை எடுத்திருப்பார்கள். வேலை நடக்கும்வரை தண்ணீரை இறைப்பார்கள். மூடியதும் பம்பு நிற்கும், தண்ணீர் ஏறும், தூண்கள் ஊறி வலுவிழக்கும். பல வருஷம் கழித்துக்கூட மேலே தரை இறங்கலாம். அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் பிச்சர் என்ற ஈயச் சுரங்க ஊர் இருந்தது. வேலை நின்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 2006-ல் ராணுவப் பொறியாளர்கள் ஆராய்ந்து, 86 சதவீதக் கட்டடங்கள் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். ஊரையே காலி செய்தார்கள்.

எங்களுக்கு வீட்டைக் காட்டியபோது சுவரெல்லாம் புது பெயிண்ட். குடிவந்த பிறகு, படுக்கையறைச் சுவரலமாரியின் கீழ்த்தட்டைக் கழற்றியபோதுதான் குட்டு உடைந்தது. செங்கல் இணைப்பு வழியாகப் படிப்படியாக இறங்கும் விரிசல். ஒரு நாணயத்தைச் செருகலாம். அதற்குள் சாம்பல் நிறத்தில் சிமெண்ட், அதன்மேல் வெள்ளையாக ஏதோ பூச்சு, அதற்கும் மேல் காய்ந்துபோன பசை. அடைத்த ஒவ்வொன்றும் மறுபடி பிளந்திருக்கிறது. அதாவது தரை இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. அலமாரிக்குள் மட்டும் பெயிண்ட் அடிக்க மறந்துவிட்டார்கள், பாவம்.

இதைவிடப் பெரிய வேலை பத்திரத்தில் நடந்திருந்தது. எங்கள் பத்திரத்தில் ‘முந்தைய ஆவணங்களில் உள்ள நிபந்தனைகளுக்கு உட்பட்டு’ என்று ஒரே ஒரு வரி. தரகர் கொடுத்த முந்தைய ஆவணத்தின் நகலில் ஒரு பக்கம் இல்லை. “ஸ்கேன்ல விட்டுப்போயிருக்கும்” என்றார். பதிவு அலுவலகத்தில் முழு நகல் எடுத்த பிறகு விஷயம் தெரிந்தது. தொழிலாளர் வீடுகளை அந்தக் காலத்தில் விற்ற சுரங்கக் கம்பெனி, நிலத்தடி உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, தோண்டியதால் மேலே என்ன சேதமானாலும் நஷ்டஈடு கேட்கக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறது. விட்டுப்போனது சரியாக அந்தப் பக்கம்தான்.

இன்சூரன்ஸ் இருக்கிறது என்று காட்டினார்களே, அது தீக்கும் திருட்டுக்கும். சாதாரண வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் தரை அமிழ்வதைச் சேர்ப்பதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா போன்ற சுரங்க மாநிலங்களில் இதற்கென்றே அரசு தனிக் காப்பீடு வைத்திருக்கிறது என்பதிலிருந்தே மற்றது புரியும். “கடன் வேண்டாம், ரொக்கமாகக் கொடுங்கள், விலையைக் குறைக்கிறோம்” என்று அவர்கள் அவ்வளவு அக்கறை காட்டியதன் காரணமும் இப்போது விளங்குகிறது. கடன் என்றால் வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பும்.

நீங்கள் பார்க்கப் போனால் பழைய சுரங்க வரைபடத்தைக் கேளுங்கள். பல நாடுகளில் அரசுத் துறையில் கிடைக்கும். தாய்ப் பத்திரத்தை நீங்களே நேரடியாக எடுங்கள், தரகர் கையால் வாங்காதீர்கள். அலமாரி, பரண், படிக்கட்டின் அடி என்று பெயிண்ட் போகாத இடமாகப் பாருங்கள். அப்புறம், தோட்டத்தில் சாம்பல் நிறச் சரளை கொட்டியிருந்தால் மண்ணைப் பரிசோதிக்காமல் குழந்தைகளை விளையாட விடாதீர்கள். பிச்சரில் சுரங்கக் கழிவுச் சரளையைப் பாதைக்கும் குழந்தைகளின் மணல்தொட்டிக்கும் போட்டிருந்தார்கள், அதில் ஈயம்.

நோட்டீஸுக்கு விற்றவர் பதில் அனுப்பிவிட்டார்: ‘உள்ளது உள்ளபடி’ என்ற வரியில் நாங்கள் கையெழுத்துப் போட்டோமாம். தெரிந்தே மறைத்ததை அந்த வரி காப்பாற்றாது என்று எங்கள் வக்கீல் வாதாடப் போகிறார். கடைசியாகப் பூசிய கொத்தனாரும் கிடைத்துவிட்டார். யார் சொல்லிப் பூசினேன் என்று எழுதிக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். அதே தரகர் இப்போது அதே தெருவில் இன்னொரு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் விட்டிருக்கிறார்.