லைஃப் கோச்சை நம்பி மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டி ஏமாந்தேன், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

வேலையிலும் வாழ்க்கையிலும் குழம்பி நிற்பவர்களிடம் பேசி, அவர்களே வழி கண்டுபிடிக்க உதவுபவர்தான் லைஃப் கோச். அப்படி ஒரு ஆன்லைன் கோச்சிங் நிறுவனத்தில் பணம் கட்டியிருந்தேன், நேற்று இரவு பதினொன்றரைக்கு அவர்களிடமிருந்து மெயில் வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டு நான் எழுதும் எதற்கும் இனிமேல் பதில் வராதாம். போனது மூன்று மாதச் சம்பளம். பிடிக்காத வேலைக்குத் தினமும் போய்வந்து சம்பாதித்த மூன்று மாதச் சம்பளம். வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பெயரை வெளியே சொல்லப் போவதில்லை. ஆனால் நடந்ததைச் சொல்கிறேன், ஒரு நல்ல கோச்சை எப்படித் தேடுவது என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

ஒன்றரை வருடமாக ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். வேலையை விடவும் துணிச்சல் இல்லை, அதில் ஒட்டவும் முடியவில்லை. ஞாயிறு சாயங்காலம் ஆனாலே நெஞ்சை அடைக்கும். அப்படி ஒரு நாள் தூக்கம் வராமல் போனை நோண்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த விளம்பரம் வந்தது, தேங்கிப் போனதாக நினைப்பவர்களுக்கு 45 நிமிட இலவச உரையாடல் என்று. அதற்கு முன்னால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எதை நினைத்தால் பயம், யாரிடமும் சொல்லாத வருத்தம் எது, பெரிய முடிவு எடுக்கும்போது யாரைக் கேட்பீர்கள், கையிருப்பு எவ்வளவு. இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்து எல்லாவற்றையும் உண்மையாக நிரப்பினேன். கையிருப்பை எதற்குக் கேட்கிறார்கள் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

அழைப்பில் பேசியவர் அவ்வளவு பொறுமையாகப் பேசினார். "இப்போ உங்க வாழ்க்கைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?" என்றார். மூன்று என்றேன். அவர் உடனே எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்றரை வருடத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை, கேட்டுவிட்டு அப்படிக் காத்திருந்ததும் இல்லை. அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். அப்புறம் மெதுவாகக் கேட்டார், "அஞ்சு வருஷம் கழிச்சும் இதே மூணுதானா?"

தொகையைச் சொன்னதும் வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். "ஃபார்ம்ல நீங்களே எழுதியிருக்கீங்களே, எல்லாரையும் கேட்டுக் கேட்டுத்தான் எதையும் செய்யாம விட்டேன்னு. இதையாவது நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். நான் எழுதிக் கொடுத்த வரியையே எனக்குத் திருப்பிப் படித்தார். சலுகை இந்த அழைப்பு முடியும்வரைதான் என்றார். இரண்டு மாதச் சம்பளத்தைக் கார்டிலும், ஒரு மாதச் சம்பளத்தை நேராக வங்கிக் கணக்கிலும் போட்டேன். ஓடிபி வரும்வரை "நான் லைன்லயே இருக்கேன், அவசரமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

தனியாக 12 அமர்வு என்பதுதான் பேச்சு. நடந்தது இரண்டு. அதுவும் அவர் வரவில்லை, வேறொருவர் வந்தார், என்னைப் பற்றி எதுவுமே தெரியாமல். எனக்காகவே தயாரித்தது என்று அனுப்பிய தாள் வாழ்க்கையை எட்டுப் பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மார்க் போடச் சொல்லும் 'வாழ்க்கைச் சக்கரம்', இணையத்தில் எங்கே தேடினாலும் இலவசமாகக் கிடைப்பது. அந்தக் கோப்பின் மேல்மூலையில் வேறு யாரோ ஒருவரின் பெயர் அப்படியே இருந்தது. அழிக்கக்கூட இல்லை. மூன்றாவது வாரத்திலிருந்து குழு அழைப்பு, நாற்பது பேருக்கு மேல், எல்லோருடைய மைக்கும் அணைக்கப்பட்டிருக்கும்.

கேட்டேன். முதலில் "உங்கள் கோச்சிடம் சொல்லியிருக்கிறோம்" என்றார்கள். அடுத்து "அமர்வு நேரங்கள் நிரம்பிவிட்டன". பத்து நாள் பதிலே இல்லை. பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதிய பிறகுதான் அந்தப் பழைய ஆள் மறுபடியும் போனில் வந்தார். அதே பொறுமையான குரல். "இப்போ பணத்தைக் கேக்குறது நீங்க இல்ல, உங்களுக்குள்ள இருக்கிற பயம். நல்லது நடக்கப்போற நேரத்துல ஓடிடுறதுதானே உங்க பழக்கம்?" இதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. காசு போனது ஒரு பக்கம். எனக்கு நடந்த அநியாயத்தைக் கேட்டால் அதையே என் வியாதி என்கிறார்கள். உண்மையிலேயே அப்படித்தானோ என்று நான்கு நாள் என்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதோடு விடவில்லை, அடுத்த நிலைக்கு மாறினால் மூத்த கோச் கிடைப்பார் என்று இன்னும் ஒரு தொகை சொன்னார்கள். நான் குழுவில் ஒரு கேள்வி போட்டேன், ஐந்து நிமிடத்தில் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

இந்த ஏணி புதிதல்ல என்பது அப்புறம்தான் தெரிந்தது. அமெரிக்காவில் 21 படிப் பயிற்சி என்று ஆரம்பித்து, கோச்சுகளை வைத்தே மேலும் மேலும் விலையுயர்ந்த நிலைகளை வாங்க வைத்த ஓர் ஆன்லைன் தொழில் திட்டத்தை, அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் 2018-ல் நீதிமன்றத்துக்குப் போய் நிறுத்தியிருக்கிறது. மக்கள் இழந்தது 12.5 கோடி டாலருக்கு மேல் என்று சொன்னது அந்த ஆணையம்.

கோச்சிங்கே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த இரண்டு அமர்வில் ஒன்றில், "இந்த வேலையில எந்த அரைமணி நேரம் உங்களுக்குப் பிடிக்குது?" என்று கேட்ட ஒரே கேள்வி எனக்கு உண்மையாகவே உதவியது. என்ன வேண்டும், இப்போது எங்கே இருக்கிறேன், என்னென்ன வழி, எதைச் செய்யப் போகிறேன் என்று வரிசையாகக் கேட்டு நம்மையே யோசிக்க வைப்பது, ஜான் விட்மோர் பரப்பிய 'க்ரோ' முறை, குழம்பி நிற்பவருக்கு நிஜமாகவே பயன்படும். ஆனால் மருத்துவருக்கு இருப்பதுபோல் உரிமம் எதுவும் இந்தத் தொழிலுக்குப் பெரும்பாலான நாடுகளில் தேவையில்லை. இன்று காலை நினைத்தால் மத்தியானம் லைஃப் கோச் என்று போட்டுக்கொள்ளலாம். 1995-ல் தொடங்கிய ஐசிஎஃப் என்ற சர்வதேச கோச்சிங் அமைப்பு கோச்சுகளுக்குச் சான்றிதழ் தருகிறது. அதன் ஆரம்பநிலைச் சான்றிதழான ஏசிசிக்கே குறைந்தது 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர கோச்சிங் அனுபவமும் வேண்டும். என்னிடம் பேசியவர் "சர்டிஃபைடு" என்றார். யார் கொடுத்தது என்று நான் கேட்கவே இல்லை.

இன்னொன்று. போன வாரம் மருத்துவரிடம் போனேன். தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே வந்திருக்க வேண்டும், இது மனச்சோர்வு என்றார். படிவத்தில் இதையெல்லாம் நான் எழுதியிருந்தேன். முறையாகப் பயின்ற கோச் அதைப் பார்த்ததும் முதலில் டாக்டரைப் பாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பார். இவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் தொகையைச் சொன்னார்கள்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது முடியவில்லை, கோபத்தில் யோசனை ஓடவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் அழைப்பில் பணம் கட்டாதீர்கள், எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும். கையிருப்பைக் கேட்கும் படிவத்தை மூடிவிடுங்கள். சான்றிதழ் இருக்கிறது என்றால் கொடுத்த அமைப்பின் தளத்தில் போய் அந்தப் பெயரைத் தேடுங்கள். மொத்தமாகக் கட்டாமல் ஒவ்வொரு அமர்வாகக் கட்டுங்கள், கார்டில் மட்டும். கார்டில் போனதையாவது திருப்பித் தரச் சொல்லி வங்கியில் புகார் கொடுக்கலாம், அதற்கும் காலக்கெடு உண்டு. நேராகக் கணக்கில் போட்ட என் ஒரு மாதச் சம்பளத்துக்கு அந்த வழியே இல்லை என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள்.

12 அமர்வு என்று அவர்களே எழுதிய மெயில், நீக்கப்பட்ட குழுவின் ஸ்கிரீன்ஷாட், வேறொருவர் பெயர் போட்ட அந்தத் தாள், மூன்றையும் வங்கியில் கேட்டிருக்கிறார்கள். நாளைக்குள் கொடுக்க வேண்டும், இப்போது அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதே மாதிரி யாருக்காவது நடந்து கார்டுப் பணம் திரும்பி வந்திருந்தால், என்னென்ன ஆதாரம் கொடுத்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.