நெஞ்சில் கட்டும் ஹார்ட் ரேட் பட்டை: மூக்கனேரியிலும் ஏற்காட்டு மேட்டிலும் கட்டிப் பார்த்தது

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன்: 2,400 ரூபாய். நெஞ்சைச் சுற்றிக் கட்டும் எலாஸ்டிக் பட்டை, அதில் இரண்டு பட்டன் வைத்து மாட்டும் சின்ன சென்சார், அதற்குள் ஒரு பட்டன் பேட்டரி. பெட்டியில் இவ்வளவுதான். மீதி எல்லாம் போனில் ஏற்றும் ஆப். பிராண்ட் பெயரை எழுதப் போவதில்லை. இதே சாதனம் வேறு வேறு பெயர் ஒட்டியும் விற்பனைக்கு வருகிறது. எந்தப் பெயரில் வாங்கினாலும் நான் சொல்லும் நல்லதும் கெட்டதும் ஏறக்குறையப் பொருந்தும்.

எனக்கு வயது 48. அஸ்தம்பட்டியில் வீடு. செவ்வாய்ப்பேட்டையில் மாமனார் காலத்திலிருந்து நடக்கும் வெள்ளிக் கொலுசுப் பட்டறையின் கணக்கு வழக்கு என் பொறுப்பு. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, கொஞ்சம் மூச்சு வாங்குகிற மாதிரி தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு வாங்கினால் போதும் என்று தெரிந்துகொள்ளத்தான் இதை வாங்கினேன்.

கையில் ஸ்மார்ட் வாட்ச் இருக்கும்போது இது எதற்கு என்று மகன் கேட்டான். நியாயமான கேள்விதான். கன்னங்குறிச்சி மூக்கனேரிப் பக்கம் சமதரையில் நடக்கும்வரை வாட்சும் பட்டையும் ஒன்றுக்கொன்று மூன்று நான்கு துடிப்புக்கு மேல் விலகவில்லை. ஏற்காட்டில்தான் சாயம் வெளுத்தது. ஏரியிலிருந்து சேர்வராயன் கோயிலுக்குப் போகும் சாலையில் ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். மூச்சு நன்றாகவே வாங்கியது. வாட்ச் 112, 113 என்று அசையாமல் நிற்கிறது. பட்டை 141 என்கிறது. ஓரமாக நின்று கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணினேன், 35 வந்தது. நான்கால் பெருக்கினால் 140. அப்படியானால் அந்த 112 எங்கிருந்து வந்தது? அது நான் நிமிடத்துக்கு எடுத்து வைத்த அடிகளின் எண்ணிக்கை! மணிக்கட்டில் பச்சை வெளிச்சம் அடித்து, ரத்த ஓட்டத்தில் அது மாறுவதைப் பார்த்துத்தான் வாட்ச் துடிப்பைக் கணக்கிடுகிறது. வார் கொஞ்சம் தளர்ந்து, கையும் வீச ஆரம்பித்தால், கை அசையும் தாளத்தையே துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும்.

பட்டைக்கு அந்தக் குழப்பம் இல்லை. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் எழும் மின்சாரத்தைத் தோலிலிருந்தே பிடிக்கிறது. ஈசிஜி எடுக்கும் அதே தத்துவம். புது வித்தையும் அல்ல. பின்லாந்தின் போலார் நிறுவனம் கம்பியில்லாத ஹார்ட் ரேட் கருவியை 1982-லேயே கொண்டுவந்துவிட்டது. பழைய நுட்பம்தான், ஆனால் மேடு ஏறும்போது நான் நம்புவது இதைத்தான்.

அடுத்தது எந்த விளம்பரத்திலும் வராத விஷயம், பெண்களுக்கு மட்டும். பட்டை உட்கார வேண்டிய இடமும் பிராவின் அடிப்பட்டை உட்காரும் இடமும் ஒன்றேதான். ஒன்றின் மேல் ஒன்று வந்தால் சென்சார் சாய்ந்துகொள்ளும், விலா எலும்பில் அழுத்திச் சிவந்துவிடும். பட்டையை ஒரு விரல் கீழே இறக்கி, மூச்சை வெளியே விட்ட நிலையில் இறுக்கத்தைச் சரிசெய்தால் தாங்கலாம். சௌகரியம் என்று சொல்ல மாட்டேன், தாங்கலாம். கட்டுவதற்கு முன் உள்பக்கம் இருக்கும் ரப்பர் பட்டைகளைத் தண்ணீரில் நனைக்கவேண்டும். நனைக்காமல் கட்டினால் வியர்வை வரும்வரை எண்கள் தாறுமாறாக ஓடும். பிப்ரவரிக் காய்ந்த காற்றில் பாலியஸ்டர் குர்தா போட்டுக்கொண்டு கிளம்பினேன், கேட்டைத் தாண்டுவதற்குள் 196 காட்டியது. பயந்துவிட்டேன். துணி உடம்பில் உரசி உண்டாகும் நிலைமின்சாரத்தையும் இது துடிப்பு என்று எண்ணிவிடுமாம். பருத்தி குர்தாவுக்கு மாறியதும் அந்தத் தொல்லை போயிற்று.

சரி, எண் சரியாக வருகிறது. அது என்ன சொல்கிறது என்பதில்தான் ஆப் சொதப்புகிறது.

வயதைக் கேட்டு, 220-இலிருந்து கழித்து, அதுதான் உங்கள் உச்சத் துடிப்பு என்று எழுதிவிடுகிறது. எனக்கு 172. வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிக்கும் இன்னொரு சூத்திரம் 2001-இல் வந்தது, அதன்படி 174. இரண்டும் சராசரிக் கணக்குதான். ஒரே வயதுக்காரர் இரண்டு பேருக்குள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு வித்தியாசம் இருப்பது சாதாரணம். உச்சத்தில் 64 முதல் 76 சதவீதம் வரை மிதமான தீவிரம், 77-க்கு மேல் கடுமையான தீவிரம் என்பது பொதுவான வரையறை. எனக்கு அது 110 முதல் 131 வரை, அப்புறம் 132-க்கு மேல். ஆப் இதையே ஐந்து நிறமாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொழுப்பு எரியும் மண்டலம் என்று பெயர் வைத்திருக்கிறது. பாதி உண்மை. மெதுவான வேகத்தில் உடம்பு எரிக்கும் சக்தியில் கொழுப்பின் பங்கு அதிகம்தான். ஆனால் மொத்தமாக எரிவதே குறைவு. அந்த நிறத்தை விட்டு வெளியே போய்விடக் கூடாது என்று நடையைக் குறைத்துக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயரை எடுத்துவிட்டாலே ஆப்புக்கு ஒரு நட்சத்திரம் கூடக் கொடுப்பேன்.

என் நடையைப் பற்றிப் பட்டை சொன்னது இதுதான். பக்கத்து வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டே நடந்தால் 102, 105. அதாவது மிதம் என்ற படியிலேயே கால் வைக்கவில்லை. தனியாகக் கைவீசி நடந்தால் 118, 120. நிமிடத்துக்கு 100 அடி வைத்தாலே பெரும்பாலானவர்களுக்கு மிதமான தீவிரம் வந்துவிடும் என்பார்கள். எனக்கு 110 அடியைத் தாண்ட வேண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையாக. ஒரு நிமிடக் கடுமைக்கு இரண்டு நிமிட மிதம் என்று வைத்துக் கலந்தும் கொள்ளலாம். கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. அக்காவோடு நடந்ததெல்லாம் வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. உட்கார்ந்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல், தெருவில் நடக்கும் எல்லாச் செய்தியும் தெரிந்துவிடுகிறது வேறு. இப்போது முதல் சுற்று அவரோடு, அடுத்த சுற்று வேகமாகத் தனியே.

வெயிலைப் பற்றி ஆப்புக்கு ஒன்றும் தெரியாது. சேலத்தில் ஏப்ரல், மே மாதம் ஏழரை மணிக்கே தரை சுடும். அதே பாதை, அதே வேகம், ஜனவரியைவிட 10, 12 துடிப்பு கூடுதல். உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போகிறது, வியர்வையில் நீர் குறைகிறது, ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் ரத்தம் குறைவதால் அதிகமுறை துடித்துச் சரிக்கட்டுகிறது. கால் கூடுதலாக ஒன்றும் உழைக்கவில்லை. ஆப் இதைப் பார்த்து "அருமை, கடுமையான பயிற்சி" என்று பாராட்டுப் பத்திரம் அனுப்புகிறது. கோடையில் அந்தப் பத்திரத்தைப் பொருட்படுத்தாதீர்கள். வீட்டுக்குத் திரும்பி மோர் குடியுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் சொல்ல நினைப்பது வீட்டுக்காரர் கதை. பட்டையை அவருக்கும் கட்டிவிட்டு ஏற்காட்டில் அதே மேட்டில் ஏறினோம். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை.

"ஏங்க, கொஞ்சம் நில்லுங்க."

"இதுல 101-தான் காட்டுது... நல்லாத்தான் இருக்கேன்... நீ வா."

அவர் ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை. துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பதே அதன் வேலை. அட்டெனலாலும் இதே வகைதான். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கு செல்லாது. உடம்பு கடுமையாக உழைத்துக்கொண்டிருக்கும்போது பட்டை "லேசு" என்று பச்சை நிறம் காட்டும். ஆப்பில் மாத்திரை பற்றி ஒரு கேள்விகூட இல்லை. நம் ஊரில் ஐம்பதைத் தாண்டி நடைக்கு வருகிறவர்களில் பிரஷர் மாத்திரை சாப்பிடாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவர்களுக்கே விற்கும் பொருளில் இந்த எச்சரிக்கை இல்லாதது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. கையேட்டில் பொடி எழுத்தில்கூட இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

அவருக்கு எது சரி என்று டாக்டரிடம் கேட்டோம். ஸ்வீடன்காரர் குன்னர் போர்க் வகுத்த அளவுகோலைச் சொன்னார். 6 முதல் 20 வரை எண்கள்; உழைப்பு எவ்வளவு கடினமாகத் தெரிகிறது என்று நாமே ஒரு எண் சொல்ல வேண்டும். 12, 13 என்றால் மிதம். அதைவிட எளிய வழி பேச்சு: பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதம், நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் கடுமை. இதற்கு 2,400 ரூபாய் ஆகாது.

நகரத்தில் ஒரு ஜிம்மில் டபாட்டா வகுப்பு என்று முக்கால் மணி நேரம் குதிக்க வைக்கிறார்கள். பட்டையோடு போய்ப் பார்த்தேன். ஜப்பானியர் இசுமி டபாட்டாவின் குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வில் 20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு, ஏழெட்டு முறை. நாலு நிமிடத்தில் ஆள் சாய்ந்துவிடும் அளவு கடுமை. முக்கால் மணி நேரம் தொடர முடிகிறது என்றால் அது வேறு ஏதோ, நல்ல உடற்பயிற்சியாக இருக்கலாம், டபாட்டா அல்ல. பட்டையும் இங்கே உதவவில்லை. கால் வேகமெடுத்த பிறகுதான் இதயம் மெல்லப் பின்னால் வரும். 20 விநாடி முடிந்து நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போதுதான் எண் ஏறுகிறது. மூன்று நான்கு நிமிடம் நீளும் ஏற்றங்களுக்கு மட்டுமே இதைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அதற்கு ஏற்காட்டு மேடுகளை மிஞ்ச ஜிம்மால் முடியாது, திரும்பும்போது மிளகாய் பஜ்ஜியும் கிடைக்கும்.

கடுமை எல்லோருக்கும் கட்டாயமா என்றால், இல்லை. உடல்திறன் வேகமாகக் கூட அது உதவும். ஆனால் நார்வேயில் 70 முதல் 77 வயதுள்ள 1,500-க்கும் மேற்பட்டவர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 2020-இல் வந்த அதன் முடிவில், கடும் வேகமும் இளைப்பாறலும் மாறி மாறி வரும் இடைவெளிப் பயிற்சி செய்தவர்களுக்கும் மிதமாகச் செய்தவர்களுக்கும் இறப்பு விகிதத்தில் உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை.

ஆக, மேடு ஏறுகிறவர்கள், சைக்கிளில் ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவு இருபதையும் மிதிக்கிறவர்கள், என்னைப் போல எண்ணைப் பார்த்தால்தான் நம்புகிறவர்கள் வாங்கலாம். சமதரையில் நடப்பவர்களுக்கு வேண்டாம். பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்கவே வேண்டாம். சாதனத்துக்கு ஐந்துக்கு நாலு, ஆப்புக்கு இரண்டு.

பராமரிப்பு: நடந்து வந்ததும் சென்சாரைக் கழற்றிவிடுங்கள், மாட்டியே வைத்தால் பேட்டரி தீரும். பட்டையை வெறும் தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுங்கள். உப்பு படிந்தால் எலாஸ்டிக் சீக்கிரம் தொய்ந்துவிடும். எனக்குத் தொய்ந்துவிட்டது. விற்றவரிடம் பட்டை மட்டும் தனியாக இல்லை, முழு செட் வாங்கச் சொன்னார். பட்டன் இடைவெளியை அளந்து பார்த்து வேறு கம்பெனிப் பட்டை வாங்கினேன், 350 ரூபாய், பொருந்திவிட்டது.