பென்குயின் பார்க்க அண்டார்டிகா கப்பல்: எந்த வழி, எந்த மாதம், எத்தனை பேர் ஏறும் கப்பல்?

அண்டார்டிகா கப்பல் விளம்பரங்கள் நாட்கணக்கைத்தான் பெரிய எழுத்தில் போடுகின்றன. பென்குயினுக்காகவே போகிறவர் பார்க்க வேண்டிய கணக்கு வேறு: கரையில் எத்தனை மணி நேரம் நிற்கக் கிடைக்கும்? பதினோரு நாள் பயணத்தில் நான்கு நாள் கடலைக் கடப்பதிலேயே போய்விடும். மீதியில் காற்றும் பனிக்கட்டியும் தின்றது போக எஞ்சுவதுதான் நமக்கு.

எஞ்சிய நேரத்தைப் பங்கு போடுவது கப்பலில் ஏறியிருக்கும் ஆட்களின் எண்ணிக்கை. அண்டார்டிகா சுற்றுலா நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டோ 1991-இல் தொடங்கியது. ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது, 20 பேருக்கு ஒரு வழிகாட்டியாவது வேண்டும், 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் கரை இறக்கக் கூடாது என்பவை அதன் அடிப்படை விதிகள்.

100 பேர் கப்பலில் எல்லோரும் ஒன்றாக இறங்கி இரண்டரை, மூன்று மணி நேரம் நிற்கலாம். 190 பேர் கப்பலில் பாதிப் பேர் கரையில் நிற்கும்போது மீதிப் பேர் சோடியாக் ரப்பர் படகில் சுற்றுவார்கள், பிறகு இடம் மாறுவார்கள். ஆளுக்கு ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் நல்லது. 400 பேர் என்றால் நான்கைந்து குழுக்கள். பல நாட்களில் ஒரே ஒரு முறைதான் இறங்க முடியும். 500-ஐத் தாண்டிய கப்பலில் கட்டணம் குறைவுதான், ஆனால் மேல்தளத்தில் நின்று தொலைநோக்கியில் பார்ப்பதோடு சரி. மலையும் பனிப்பாறையும் போதும் என்பவருக்கு அது சரிப்படும். பென்குயினுக்காகப் போகிறவர் அதில் பணம் போட வேண்டாம்.

டிரேக்கைக் கடந்து தீபகற்பம்

அர்ஜென்டினாவின் உஷுவாயாவில் ஏறி, தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவிலுள்ள டிரேக் நீரிணையைக் கடந்து, அண்டார்டிக் தீபகற்பத்துக்குப் போய்த் திரும்புவது 10 அல்லது 11 நாள் பயணம். போகும்போதும் வரும்போதும் கடலில் ஏறத்தாழ இரண்டிரண்டு நாள். நடுவே நான்கைந்து நாள், நாளுக்கு இரண்டு முறை இறங்கத் திட்டமிடுவார்கள்.

இங்கே பார்ப்பது மூன்று இனம். கியூவர்வில் தீவிலும் நெகோ துறைமுகத்திலும் ஆரஞ்சு அலகுள்ள ஜென்டூ. ஹாஃப் மூன் தீவில் தாடைக்குக் கீழே கறுப்புக் கோடு ஓடும் சின்ஸ்ட்ராப். வடகிழக்கு முனையில் பிரவுன் பிளஃப், பாலட் தீவு பக்கம் போனால் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள அடேலி. மேற்குக் கரையில் அடேலி குறைந்துகொண்டே போகிறது, ஜென்டூ பெருகுகிறது. அதனால் மேற்குக் கரையை மட்டும் சுற்றும் திட்டத்தில் அடேலி ஒன்றிரண்டோடு முடிந்துவிடலாம். அடேலி கட்டாயம் வேண்டும் என்பவர் திட்டத்தில் அண்டார்டிக் சவுண்ட் (அந்த வடகிழக்கு முனையின் நீரிணை) என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

டிரேக்கில் அலை சுமாராக இருந்தால் வெறும் ஆட்டம், மோசமாக இருந்தால் சாப்பாட்டுக் கூடத்தில் பாதி நாற்காலி காலி. கப்பல் மாலையில் கிளம்பி முதல் சில மணி நேரம் பீகிள் கால்வாயின் அமைதியான நீரில்தான் போகும். குமட்டல் மாத்திரையை அப்போதே போட வேண்டும். திறந்த கடலுக்கு வந்து தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டால் வயிற்றில் தங்காது. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபொலமைன் பட்டை மூன்று நாள் தாங்கும், ஆனால் வேலை செய்யச் சில மணி நேரமாகும். கண் அழுத்த நோயோ புராஸ்டேட் தொல்லையோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை ஒட்டக் கூடாது. அறை எடுக்கும்போது கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் எடுங்கள். ஆட்டம் குறைவு, பெரும்பாலும் விலையும் குறைவு. மேல்தளத்துப் பால்கனி அறைக்குக் கூடுதலாகக் கொடுப்பவர் அதிக ஆட்டத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

பறந்து போய் ஏறுவது

சிலியின் புன்டா அரேனாஸிலிருந்து கிங் ஜார்ஜ் தீவுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம். இறங்கிக் கரைக்கு நடந்து, சோடியாக்கில் ஏறிக் கப்பலுக்குப் போகலாம். டிரேக்கைக் கடலில் கடக்கவே வேண்டாம். எட்டு நாளில் முடியும், விலை அதே தரத்துக் கப்பலின் டிரேக் பயணத்தைவிடக் கூடும். கைப்பை உட்பட 20 கிலோ அளவில்தான் சாமான் அனுமதிப்பார்கள், கேமராப் பெட்டி தூக்குபவர்கள் கவனிக்க வேண்டும்.

சிக்கல் ஓடுபாதையில் இருக்கிறது. அது சரளைக் கல் பாதை. பனிமூட்டம் இறங்கினாலோ மேகம் தாழ்ந்தாலோ விமானம் கிளம்பாது. டிரேக்கில் புயல் வந்தால் அரை நாள் போகும். இங்கே மூட்டம் இரண்டு நாள் நின்றால், தீபகற்பத்தில் இருக்க வேண்டிய ஐந்து நாளில் இரண்டு நாள் ஓட்டலில் கழியும். எத்தனை நாள் தாமதமானால் பயணம் ரத்து, அப்போது எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற பத்தியை ஒப்பந்தத்தில் படித்துவிட்டே பணம் கட்டுங்கள். திரும்பும் விமானத்துக்கும் வேறு இணைப்பு விமானத்துக்கும் நடுவே இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள். விடுப்பு குறைவாக இருப்பவருக்கும், கடல் ஒத்தே வராதவருக்கும் இது நல்ல வழி. மற்றவர்களுக்கு டிரேக்கையே சொல்வோம்: ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை கப்பலுக்குப் பின்னால் சிறகை அசைக்காமல் மணிக்கணக்கில் மிதந்து வருவதை விமானத்தில் போகிறவர் பார்க்க முடியாது.

சவுத் ஜார்ஜியா சேர்த்தால்

பணமும் நாளும் இருந்தால் எங்கள் தேர்வு இதுதான். தெற்கு அட்லாண்டிக்கின் ஃபாக்லாந்து, சவுத் ஜார்ஜியா தீவுகள், தீபகற்பம் மூன்றையும் சேர்த்தால் 18 முதல் 22 நாள். கட்டணம் தீபகற்பப் பயணத்தின் இரு மடங்கை எட்டும். கடலில் மட்டும் ஆறேழு நாள். ஆனால் இனங்கள் மூன்றிலிருந்து ஏழுக்குப் போகும்.

ஃபாக்லாந்தின் வெஸ்ட் பாயின்ட் தீவில் ராக்ஹாப்பர் பென்குயின், கறும்புருவ ஆல்பட்ராஸோடு ஒரே சரிவில் கூடு கட்டுகிறது. மெகல்லானிக் பென்குயின் மண்ணைத் தோண்டி வளைக்குள் வாழ்வது. புல் மேட்டில் வழி விலகி நடந்தால் வளையின் கூரை இடிந்து, உள்ளே முட்டையோடு நசுங்கும். வழிகாட்டி போட்ட கொடிக்குள்ளேயே நடக்க வேண்டும்.

சவுத் ஜார்ஜியாவின் செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடாவில் சுமார் 1,50,000 ஜோடி கிங் பென்குயின்கள். மேட்டில் ஏறிப் பார்த்தால் பனியாறு வரை பறவைகள்தான். கிங்கின் இனப்பெருக்கச் சுற்று 14 முதல் 16 மாதம் நீள்வதால், எந்த மாதம் போனாலும் ஏதோ ஒரு வயதில் குஞ்சு இருக்கும். பழுப்புக் கம்பளி போர்த்தியது போல் தாய் உயரத்துக்கு நிற்கும் அந்தக் குஞ்சுகளை, பழைய மாலுமிகள் தனி இனம் என்றே நினைத்தார்கள்.

தவறிப்போவதும் இங்கேதான் அதிகம். செயின்ட் ஆண்ட்ரூஸ் திறந்த கடலைப் பார்த்த கரை. அலை எழும்பினாலோ, பனியாற்றிலிருந்து காற்று திடீரென்று இறங்கினாலோ, படகு கரை சேராது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை ஃபர் சீல்கள் கடற்கரையை அடைத்துக்கொள்ளும், சாலிஸ்பரி சமவெளி போன்ற இடங்களில் கால் வைக்கவே இடமிருக்காது. அக்டோபர் இறுதியிலும் நவம்பரிலும் போனால் யானை சீல்களின் சண்டையும் கிடைக்கும், கரையும் ஓரளவு காலியாக இருக்கும். சவுத் ஜார்ஜியாவுக்கு மூன்று நாள் மட்டும் ஒதுக்கிய திட்டத்தை எடுக்காதீர்கள். ஒரு நாள் காற்றில் போனால் மிஞ்சுவது இரண்டு. நான்கு நாளாவது வேண்டும்.

எம்பரர் வேண்டும் என்பவர்கள்

பலர் ஏமாறும் இடம் இது. எம்பரர் பென்குயின் குளிர்காலத்தில் கடல் பனியின் மேல் முட்டையிடும். ஆண் இரண்டு மாதத்துக்கும் மேல் அதைக் காலில் வைத்து அடைகாக்கும். டிசம்பர், ஜனவரியில் குஞ்சுகள் கடலுக்குப் போய்விடும். ஆகவே வழக்கமான தீபகற்பப் பயணத்தில் எம்பரர் குடியிருப்பைப் பார்க்க முடியாது. விளம்பரப் படத்தில் இருப்பதைத் திட்டத்தில் தேடாதீர்கள்.

வெடல் கடலின் ஸ்னோ ஹில் தீவுக்கு அக்டோபர், நவம்பரில் பனி உடைக்கும் கப்பல் போய், அங்கிருந்து ஹெலிகாப்டரில் இறக்கி, பறவைகள் மிரளாதபடி தூரத்திலிருந்து பனியின் மேல் நடத்திக் கூட்டிப்போகும் பயணம்தான் குஞ்சோடு எம்பரரைக் காட்டும். காற்றோ மூட்டமோ இருந்தால் ஹெலிகாப்டர் எழும்பாது. அவ்வளவு பணம் கட்டியும் பார்க்காமல் திரும்புவது நடக்கிற காரியம், எந்த நிறுவனமும் உறுதி தருவதில்லை.

நியூசிலாந்திலிருந்து ராஸ் கடலுக்குப் போவது ஏறத்தாழ ஒரு மாதம், அதில் பாதி கடலில். கேப் அடேரில் மிகப் பெரிய அடேலி குடியிருப்பு இருக்கிறது. கேப் ராய்ட்ஸில் துருவப் பயணி ஷேக்கிள்டனின் 1908-ஆம் ஆண்டுக் குடிலுக்குப் பக்கத்திலேயே அடேலி கூடு கட்டுகிறது. வழியில் மக்வாரி தீவில் ராயல் பென்குயின், அது வேறெங்கும் குடியிருப்பதில்லை. ஆனால் கப்பல் உள்ளே போக முடிவது ஜனவரி, பிப்ரவரியில். அப்போது எம்பரர் குடியிருப்பு கலைந்துவிட்டிருக்கும், பனித்தட்டில் தனியாக நிற்கும் ஒன்றிரண்டைப் பார்க்கலாம், அவ்வளவே. வரலாற்றில் ஈடுபாடு உள்ளவருக்கு இது நிகரற்ற பயணம். எம்பரருக்காக மட்டும் இதை எடுக்க வேண்டாம்.

மாதம்

தீபகற்பத்தில் நவம்பரில் பனி அழுக்குப்படாமல் இருக்கும், ஜோடி சேர்வதும் கூடு கட்டுவதும் நடக்கும். ஜென்டூ ஆண் ஒரு கூழாங்கல்லை அலகில் தூக்கி வந்து, துணையின் முன் குனிந்து வைத்துவிட்டு அடுத்த கல்லுக்குப் போகும். அது முதுகைத் திருப்பியதும் பக்கத்துக் கூட்டுக்காரர் அந்தக் கல்லை எடுத்துக்கொண்டு போவார். ஒரே கூட்டை அரை மணி நேரம் பார்த்தால் இதைப் பல முறை பார்க்கலாம். குஞ்சு பொரிப்பது டிசம்பர் இறுதியும் ஜனவரியும். பிப்ரவரியில் வளர்ந்த குஞ்சுகள் தீனி கேட்டுத் தாயைத் துரத்தும், திமிங்கிலமும் அதிகம். ஆனால் அடேலி பிப்ரவரி நடுவில் கிளம்பிவிடும், எச்சமும் சேறும் கலந்த நாற்றம் உடையை விட்டுப் போகாது. முதல் முறை போகிறவருக்கு ஜனவரி முதல் பாதியைச் சொல்வோம்.

கரையில்

சோடியாக்கிலிருந்து இறங்குவது முழங்கால் அளவுத் தண்ணீரில். கேமராவைப் பையில் போட்டு மூடி, இரண்டு கையும் காலியாக, வழிகாட்டியின் முன்கையைப் பிடித்து, படகின் ஓரத்தில் உட்கார்ந்தபடி காலைச் சுழற்றி இறங்க வேண்டும். நீர்ப்புகாப் பேன்ட் ரப்பர் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் ஒரே அலையில் பூட்ஸ் நிறையும், அன்றைய இறக்கம் அத்தோடு முடிந்தது.

பென்குயினுக்கு 5 மீட்டர் தூரம் விட வேண்டும். அது தானாக நெருங்கினால் அசையாமல் நில்லுங்கள். பனியில் அவை நடந்து நடந்து அமுங்கிய பாதைகள் உண்டு, அவற்றைக் குறுக்கே அடைக்கக் கூடாது. பனியில் கால் புதைந்து குழி விழுந்தால் மூடிவிட்டுப் போங்கள், பென்குயின் அதில் விழுந்தால் ஏற முடியாமல் தவிக்கும். பறவைக் காய்ச்சல் 2023-இல் சவுத் ஜார்ஜியாவிலும் 2024-இல் அண்டார்டிகாவிலும் கண்டறியப்பட்டதிலிருந்து, கரையில் உட்காரவோ மண்டியிடவோ பையைத் தரையில் வைக்கவோ கூடாது. தாழ்ந்த கோணத்தில் படமெடுக்க நினைப்பவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். வெல்க்ரோவில் ஒட்டிய புல்விதையைக் கப்பலிலேயே உறிஞ்சி எடுக்கச் சொல்வார்கள். வீட்டிலேயே ஊசியால் எடுத்துவிட்டு வந்தால் வேலை பாதியாகும்.

கப்பலே வேண்டாம் என்றால்

செலவோ கடலோ ஒத்துவராதவர்கள் ஃபாக்லாந்துக்கு மட்டும் பறந்து போகலாம். சான்டர்ஸ் தீவின் கழுத்துப் பகுதியில் ஜென்டூ, கிங், மெகல்லானிக், ராக்ஹாப்பர் நான்கையும் ஒரே நடையில் பார்க்கலாம். வாலன்டியர் முனையில் கிங் குடியிருப்பு இருக்கிறது. பனிப்பாறை கிடையாது, ஆனால் கரையில் நிற்க நாள் முழுதும் உங்களுக்கே. சிலியிலிருந்து வாரம் ஒரு முறைதான் பயணிகள் விமானம் என்பதால், திரும்பும்போது சிலியில் பிடிக்க வேண்டிய விமானத்தை அதே நாளில் போடாதீர்கள்.