சிவப்பு லேசர் டையோடுக்கு 200 மில்லிஆம்பியர்: ஆறாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

பழுதான டிவிடி ரைட்டர்களில் இருந்து கழற்றிய 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் டையோடுகளை ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதே ரைட்டர்களின் சிறு ஸ்டெப்பர் மோட்டார் தண்டவாளங்கள் இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாகப் பொருத்தி, கறுப்பு அட்டையில் எழுத்துகளைச் சுட்டுப் பொறிக்கும் சிறிய இயந்திரம் ஒன்றைச் சென்னையில் என் வீட்டு மேசையிலேயே செய்து வைத்திருக்கிறேன். அதைப் பார்ப்பவர்கள் தவறாமல் கேட்பது, இந்த டையோடு எத்தனை மில்லிஆம்பியர் வரை தாங்கும் என்பதுதான். 200 என்று சொல்வேன். 300 கொடுத்தாலும் அது ஒளிரும், கூடுதல் ஒளியும் தரும். அப்படியிருந்தும் 200 என்று சொல்வதற்கு, இரண்டு டையோடுகளை இழந்து நான் கற்றுக்கொண்ட காரணங்கள் உண்டு.

ஒளித்திறனை அளக்காமல் மின்னோட்டத்தைப் பற்றிப் பேசுவது பயனற்றது என்பதால், வெப்ப உணரி வகை ஒளித்திறன் மீட்டர் ஒன்றை முதலில் வாங்கினேன். டையோடின் உடல் வெப்பநிலை 28 டிகிரியில் இருக்க, லென்ஸுக்கு வெளியே எனக்குக் கிடைத்த அளவுகள் இவை: 100 மில்லிஆம்பியரில் 38 மில்லிவாட், 150-இல் 86, 200-இல் 134, 250-இல் 180, 300-இல் 217. சுமார் 60 மில்லிஆம்பியர் வரை இது ஒரு மங்கலான எல்இடியைப் போலத்தான் ஒளிர்கிறது. அந்தத் தொடக்க மின்னோட்டத்தைத் தாண்டிய பிறகே லேசராகிறது, அதற்குப் பின் கூடும் ஒவ்வொரு மில்லிஆம்பியருக்கும் ஏறக்குறைய ஒரு மில்லிவாட் கூடிக்கொண்டே போகிறது. 250-க்கு மேல் இந்த நேர்கோடு வளையத் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். 200-இலிருந்து 250-க்குப் போகையில் 46 மில்லிவாட் கூடியது. 250-இலிருந்து 300-க்குப் போகையில் 37 மட்டுமே கூடியது. கூடுதலாகக் கொடுத்த மின்சாரத்தில் ஒளியாகாத பங்கு, டையோடுக்குள் ஒளி பிறக்கும் சிறு படிகத் துண்டான சில்லுக்குள்ளேயே வெப்பமாகத் தங்கிவிடுகிறது. இந்த வளைவு தென்படும் இடத்துக்குக் கணிசமாகக் கீழே நின்றுகொள்ள வேண்டும் என்பதே நான் கடைப்பிடிக்கும் விதி.

டிவிடி எழுதும்போது இதே டையோடு இதைவிடக் கூடுதல் திறனில் இயங்கியதே என்று கேட்கலாம். வட்டில் எழுதும்போது ஒளி தொடர்ந்து வருவதில்லை. நானோவினாடிக் கணக்கில் விட்டுவிட்டுத் துடிப்புகளாக வருகிறது. எனவேதான் தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்களான டேட்டாஷீட்டுகளில் தொடர் இயக்கத்துக்கு ஓர் எண்ணும், துடிப்பு இயக்கத்துக்கு அதைவிடப் பெரிய எண்ணும் தனித்தனியே தரப்படுகின்றன. பெரிய எண்ணை மட்டும் பார்த்துவிட்டு டையோடைத் தொடர்ந்து எரியவிடுபவர்கள் ஏராளம். நானும் ஒருமுறை அதைத்தான் செய்தேன். ஒரே மாதிரி ரைட்டர்கள் இரண்டில் இருந்து எடுத்த டையோடுகளில் ஒன்றை 200-இலும் மற்றொன்றை 280-இலும் ஓட்டினேன். 280-இல் ஓடியது முதலில் 203 மில்லிவாட் தந்தது. சுமார் 140 மணி நேரத்தில் 150-க்கு இறங்கி, பிறகு ஒரே நாளில் அணைந்துபோனது. அணைந்தது என்றால் இருண்டுவிடவில்லை. சிவப்பு வெளிச்சம் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் லென்ஸை எவ்வளவு திருகினாலும் அது ஒரு புள்ளியாகக் குவியவில்லை, அட்டையின் மேல் அழுக்குப் படிந்ததைப் போலப் பரவிக் கிடந்தது. சில்லின் முகப்புப் பரப்பு மிகையான ஒளியால் உருகிச் சிதைந்துவிட்டால், டையோடு வெறும் எல்இடியாகிவிடும். 200-இல் ஓடியது ஏறக்குறைய 600 மணி நேரம் கடந்தும் இன்று 127 மில்லிவாட் தருகிறது.

இரண்டாவது இழப்புக்கு என் சால்டரிங்தான் காரணம். எல்எம்317 என்ற மின்னழுத்தச் சீராக்கியை, டையோடுக்கு மாறாத மின்னோட்டம் தரும் நிலை மின்னோட்ட இயக்கியாக அமைத்திருக்கிறேன். 1.25 வோல்ட்டை ரெசிஸ்டர் மதிப்பால் வகுத்தால் மின்னோட்டம் வந்துவிடும் என்பதால், 6.2 ஓம் போட்டால் 200 மில்லிஆம்பியர் கிடைக்கும். அந்த ரெசிஸ்டரில் கால் வாட் வெப்பமாகச் செலவாவதால், ஒரு வாட் தாங்கும் ரெசிஸ்டரையே போடுங்கள். டையோடுக்கு இணையாக ஒரு சிறிய மின்தேக்கியும் உண்டு. ஒரு நாள் வயர் இணைப்பு இளகி, டையோடு ஒரு கணம் துண்டிக்கப்பட்டது. சுமை இல்லாத அந்தக் கணத்தில் மின்தேக்கி பேட்டரியின் மின்னழுத்தத்தை நெருங்கி நிறைந்துவிட்டது. வயர் மீண்டும் தொட்டதும், 2.3 வோல்ட் அளவில் இயங்க வேண்டிய சில்லின் மீது ஏழு வோல்ட் ஒரே அடியாக இறங்கியது. சத்தமில்லை, புகையில்லை, புள்ளி மங்கியதோடு சரி. அன்று முதல் டையோடை இணைப்பதற்கு முன் மின்தேக்கியின் இரு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் குறுக்கிட்டு வெறுமையாக்காமல் தொடுவதில்லை. மின்னோட்டத்தைச் சரிபார்ப்பதும் நேரடியாக டையோடில் அல்ல. 1என்4001 என்ற சாதாரண, ஒளிராத டையோடுகள் மூன்றையும் ஒரு ஓம் ரெசிஸ்டரையும் தொடராக இணைத்து, லேசர் டையோடின் இடத்தில் வைக்கும் போலிச் சுமையில்தான். அந்த ஒரு ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே மல்டிமீட்டர் காட்டும் மில்லிவோல்ட்டே மில்லிஆம்பியர்.

நிலைமின்னும் இதே வகைக் கொலையாளிதான். லேசரும் லென்ஸும் சேர்ந்த, வட்டைப் படிக்கும் பகுதிக்குப் பிக்கப் என்று பெயர். மாற்றுக்கென விற்கும் புதிய லேசர் பிக்கப்புகள் பலவற்றில், டையோடின் முனைகளைக் குறுக்கே இணைத்து ஒரு துளி சால்டர் வைத்திருப்பார்கள். பொருத்தி முடித்த பின்னரே அதை நீக்க வேண்டும். அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, டையோடை அடைத்திருக்கும் 5.6 மில்லிமீட்டர் உலோக டப்பாவின் மூன்று கால்களையும் தலைமுடி போன்ற ஒற்றைச் செம்பு இழையால் சுற்றி, சால்டரிங் முடிந்து ஆறிய பிறகே அந்த இழையை உருவி எடுக்கிறேன்.

இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வெப்பம். சித்திரை வெயிலில் அறை வெப்பநிலை 37 டிகிரியைத் தொடும்போது, வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் அலுமினிய ஹீட் சிங்கோடு சேர்ந்த டையோடின் உடல் 48 டிகிரிக்குப் போகிறது. அதே 200 மில்லிஆம்பியரில் ஒளித்திறன் 134-இலிருந்து 117 மில்லிவாட்டுக்கு இறங்கியதை அளந்திருக்கிறேன். சிவப்பு ஒளி தரும் அலுமினியம், கேலியம், இண்டியம், பாஸ்பரஸ் கலவைக்கு இயல்பாகவே வெப்பத்தைத் தாங்கும் தன்மை குறைவு. சூடேறும்போது எலக்ட்ரான்கள் ஒளிரும் அடுக்கில் நிற்காமல் கசிந்துவிடுகின்றன, தொடக்க மின்னோட்டமும் ஏறுகிறது. இறங்கிய ஒளியை மீட்க மின்னோட்டத்தைக் கூட்டத் தோன்றும். கூட்டினால் வெப்பம் மேலும் ஏறும், ஒளி மேலும் இறங்கும். டப்பாவுக்குள் இருக்கும் கண்காணிப்பு ஒளி உணரியை வைத்துத் தானாகத் திறனைச் சமன்செய்யும் இயக்கிகள் சிறிய டையோடுகளில் உண்டு. அவற்றுக்கு ஓர் உச்ச வரம்பு வைக்காவிட்டால் இந்தச் சுழற்சியில் அவையே டையோடை அழித்துவிடும்.

ஒளியின் பிரகாசத்தைக் கண்ணால் மதிப்பிடுவது ஏமாற்றும். நம் கண்ணுக்கு 650 நானோமீட்டரைவிட 635 நானோமீட்டர் ஏறக்குறைய இரண்டு மடங்கு பிரகாசமாகத் தெரியும். அதாவது டிவிடி டையோடின் புள்ளி பார்ப்பதற்குச் சாதுவாக இருந்தாலும், விழித்திரைக்குள் போகும் ஆற்றலில் குறையே இல்லை. ஐந்து மில்லிவாட்டைத் தாண்டி 500 வரையிலான ஒளித்திறன், லேசர் பாதுகாப்பு வகைப்பாட்டில் கண்ணுக்கு ஆபத்தான 3பி வகுப்பைச் சேர்ந்தது. கண் இமைக்கும் கால் வினாடி இங்கே காப்பாற்றாது. பிக்கப்பில் சிடிக்கான 780 நானோமீட்டர் டையோடும் சேர்ந்தே இருக்கும். அது மங்கிய சிவப்புப் பொட்டாகத் தெரிவதைப் பார்த்துப் பழுது என்று நினைத்து உற்றுப் பார்ப்பதைப் போல ஆபத்தான செயல் வேறில்லை. அலைநீளத்துக்குரிய கண்ணாடி அணிந்தே விளக்கை எரிக்கிறேன். வேலை நடப்பதைக் கேமரா வழியாகப் பார்க்கிறேன். மேசையில் இருந்த பளபளப்பான இரும்புக் கவ்விகளுக்கெல்லாம் மங்கல் கறுப்பு வண்ணம் பூசிவிட்டேன்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை 6.2 ஓமை எடுத்துவிட்டு 6.8 ஓம் ரெசிஸ்டரைப் போட்டுவிடுகிறேன். மின்னோட்டம் 184-க்கு இறங்கும், பொறிக்கும் வேகத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொள்கிறேன். ஓர் அட்டைக்குச் சில நிமிடங்கள் கூடுதலாக ஆகின்றன. ஹீட் சிங்கின் மேல் ஒட்டிய வெப்பமானி 45-ஐக் காட்டினால் வேலையை நிறுத்தி, மறுநாள் விடியற்காலையில் விட்ட வரியிலிருந்து தொடர்கிறேன்.